ஒட்டிப்போன அப்பம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

உன் வீட்டின்மேலும், உன் வயிற்றுக்குள் இருக்கும் அந்தச் சின்ன உயிரின்மேலும் சமாதானம் தங்கியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இங்கே நானும் அத்தையும் சுகம். அப்பாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நீ போட்ட அட்டை வந்து சேர்ந்தது. நான்காவது மாதம், வாந்தி நின்றுவிட்டது, பசிக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அட்டையைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் சாய்த்து வைத்தேன். அப்பா பார்த்தார். மறுநாள் பார்த்தால் அட்டை அவர் நாற்காலியைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. அத்தைதான் நிறுத்தாமல் பேசுகிறாள். "குழந்தைக்கு நெத்தியில தண்ணி தெளிப்பாங்களா, இல்ல வளர்ந்தப்புறம் ஆத்துல முக்குவாங்களா, கேட்டு எழுது" என்கிறாள். முதலில் பிறக்கட்டும் என்றேன். "பிறந்தப்புறம் எல்லாரும் சண்டையில மும்முரமா இருப்பீங்க அண்ணி, அப்ப யாரு எனக்குப் பதில் சொல்வா?" என்றாள். அவள் நாக்கு மாறவே இல்லை. மாறவும் வேண்டாம்.

மத்தியானம் ரொட்டியெல்லாம் விற்றுத் தீர்ந்தபிறகு கடையில் ஒரு மணி நேரம் யாரும் வரமாட்டார்கள், உனக்குத் தெரியும். அடுப்பு மெதுவாக ஆறும். ஜன்னல் வெயிலில் மாவுத்தூள் கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். பாதி விழிப்பு, பாதி தூக்கம். நேற்று இப்படி உட்கார்ந்திருந்தபோது கடைக்குள் ஆறு வந்ததுபோல் ஒரு கனவு. தண்ணீர் முழங்கால்வரை இருந்தது, யாரும் நனையவில்லை. வாடிக்கைக்காரர்கள் வழக்கம்போல் வந்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். நீ மாவு பிசையும் மேசைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாய், சின்ன வயதில் உட்காருவாயே அப்படி. எழுந்து பார்த்தால் காகிதத்தில் என் கன்னத்து வியர்வை. இந்தப் பக்கத்து மூலையில் மை கலைந்திருந்தால் அதுதான் காரணம், அழவில்லை.

இனி அப்பா விஷயம்.

உன்னைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்த அந்தச் சபைக் கூட்டத்தைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. குழந்தையாக இருந்தபோது நெற்றியில் ஞானஸ்நானம் பெற்றவள், பெரியவளான பின் ஆற்றில் இறங்கி மறுபடி முழுக்கு எடுத்தது முதல் ஞானஸ்நானத்தை மறுதலித்ததாகும், ஆகையால் அப்பத்திலும் பாத்திரத்திலும் அவளுக்குப் பங்கில்லை என்ற தீர்மானத்தைத் தலைமை மூப்பராக நின்று படித்தவர் உன் அப்பா. குரல் உடையாமல் படித்தார். நீ எழுந்து வெளியே போனாய். மாப்பிள்ளை உன் பின்னால் வந்தார். அதற்குப் பிறகு பூட்டுக்கடைக்காரர் தலைமையில் இன்னும் பல குடும்பங்கள் போய் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே தனிச் சபை ஆனார்கள். நீங்கள் இருவரும் ரயில் ஏறிவிட்டீர்கள். இதெல்லாம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் நான் சொல்ல வருவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மழைக்கு முன்னால் அப்பாவின் வலது கை விழுந்துபோனதை எழுதியிருந்தேன். பேச்சு நன்றாக இருக்கிறது, நடக்கிறார், கைதான் வரவில்லை. கை இல்லாமல் அப்பத் தட்டைத் தூக்க முடியாது என்பதால் அதற்கு அடுத்து வந்த திருவிருந்தில் வேறொரு மூப்பர் பரிமாறினார். அப்பா முதன்முதலாக என் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. இடது கையால் வாங்கினார், கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், எடுக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டார். கை வசப்படவில்லை போலிருக்கிறது என்று நான் ஒரு துண்டைப் பிட்டு நீட்டினேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டேன். எப்போதிலிருந்து என்றேன். அந்தக் கூட்டத்துக்கு அடுத்த திருவிருந்திலிருந்து என்றார்.

நினைத்துப் பார். பரிமாறுகிறவர்கள் கடைசியில் மேசைக்கு அந்தப்பக்கம் நின்று, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். இவர் நின்றார், சாப்பிடவில்லை. சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிற எனக்கே தெரியாது. "ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டுட்டு நீங்க பட்டினியா கிடந்தீங்களா?" என்று கேட்டேன். "நான் படிச்சது தப்புன்னு இப்பவும் சொல்ல வரலை" என்றார். "ஆனா என் பிள்ளைக்கு இல்லாத அப்பம் என் தொண்டையில இறங்கலை. அவ்வளவுதான். காபி போடு."

போதகர் கேள்விப்பட்டு வந்தார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சட்டையெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டு நெடுநேரம் பேசினார். கிருபை தகுதி பார்த்து வருவதில்லை, மூப்பரே, அதை என் பிள்ளைகளுக்குத் திருவிருந்து ஆயத்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே என்றார். "சொல்லிக்கொடுத்தேன். இனிமேலும் கேட்டா சொல்லிக்கொடுப்பேன். அது மத்தவங்களுக்கு" என்றார் அப்பா. அத்தை உள்ளேயிருந்தபடியே, "அண்ணாவுக்கு மட்டும் பரலோகத்துல தனிச் சட்டம்" என்றாள். போதகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு அன்று கோபம் வந்தது, கண்ணு. பசியாக இருந்து கடனைத் தீர்க்கிறேன் என்கிறாரே இந்த மனுஷன் என்று. இரட்சிப்பை இலவசம் என்று கடை வாசலில் நின்று சொல்லிவிட்டு, தான் மட்டும் பின்வாசல் வழியாகப் போய் விலை கொடுக்கப் பார்க்கிறார். அதே சமயம், உனக்காக ஒரு ஆள் பட்டினி கிடந்திருக்கிறார், அது உனக்குத் தெரியவேண்டாமா என்றும் இருந்தது. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

ஆற்றுச் சபைக்காரர்கள் இப்போது நம்மிடம்தான் திருவிருந்து அப்பம் வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சுட்டுக்கொடுத்த அம்மாள் மகன் வீட்டோடு போய்விட்டாள். அப்பா ஒத்துக்கொண்டார், ஆனால் தட்டு வேறு, சுற்றும் துணி வேறு என்று நிபந்தனை போட்டார். பிரிந்து போனவர்கள் எதை விட்டாலும் நம் பழக்கம் ஒன்றை விடவில்லை: அப்பத்தைக் கத்தியால் தொடக்கூடாது, கிழியாத முழு அப்பமாக மேசைக்கு வரவேண்டும், எல்லோரும் பார்க்கப் பிட வேண்டும். அவர்களும் மாதத்தின் முதல் ஞாயிறுதான், நாமும் முதல் ஞாயிறுதான். ஆக ஒவ்வொரு மாதமும் ஒரே மாவில் இரண்டு உருண்டை.

அந்த விடியற்காலை நான் இரண்டையும் உருட்டி, தனித்தனித் தட்டில் வைத்துத் துணி மூடிவிட்டு, பால்காரி வந்த சத்தம் கேட்டு வெளியே போனேன். பனி என்றால் அப்படியொரு பனி. தெருவிளக்குக்குக் கீழே அவள் பாதிதான் தெரிந்தாள். இன்றைக்கு ஆற்றில் முழுக்கு எடுக்கப்போகிறேன் அம்மா, பயமாக இருக்கிறது என்றாள். தண்ணீர் குளிருமே என்றேன். தண்ணீருக்குப் பயமில்லை, புருஷனுக்குத்தான் என்றாள். அவளோடு பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்குள் அப்பா எழுந்து வந்து, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, ஒற்றைக் கையால் இரண்டு தட்டைத் தள்ளுவது சிரமம் என்று, இரண்டு உருண்டையையும் ஒரே தட்டில் மாற்றி அடுப்புக்குள் தள்ளிவிட்டிருக்கிறார். அவர் வலது கைக்கு இடைவெளி தெரியும். இடது கைக்குத் தெரியவில்லை.

வெளியே எடுத்தபோது ஒரே அப்பம். நடுவில் மட்டும் இடுப்புபோல ஒடுங்கி, இரண்டு பக்கமும் பொன்னிறமாக உப்பி, அவ்வளவு அழகாக இருந்தது. அப்பா அதைப் பார்த்ததும், "கத்தியை எடு" என்றார். வெட்டினால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தோல் இருக்காது, வெள்ளைச் சதை தெரியும், கத்தி பட்டதாகிவிடும் என்றேன். மறுபடி பிசைந்து பொங்கவைக்க நேரமில்லை. அத்தை வந்து எட்டிப் பார்த்து, "ஒட்டிப் பிறந்த பிள்ளைங்க. எதை எந்த வீட்டுக்குக் கொடுப்பீங்க?" என்றாள்.

முதலில் வந்தவர் பூட்டுக்கடைக்காரர். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. அப்பத்தை வாங்கிக்கொண்டு போக மட்டும் வருவார், என்னிடம் பேசுவார், போவார். மேசையைப் பார்த்துவிட்டு, "இது எங்களுதா, உங்களுதா?" என்று என்னைக் கேட்டார். அப்பா அவரைப் பார்க்காமல், "என் கைத்தப்பு. வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். "வெட்டினதை எங்க மேசையில வைக்கமாட்டோம்னு மூப்பருக்குத் தெரியாதா? தெரியும்னு சொல்லு" என்று அவர் என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் முழம் தூரத்தில் நின்றுகொண்டு, நான் ஏதோ தபால்பெட்டி மாதிரி, என்மேல் வார்த்தையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, பரலோகத்துச் சாவி இவர்கிட்டதான் இருக்காம், கேட்டுச் சொல்லுங்க. போன வாரம் கடைச் சாவியைத் தொலைச்சுட்டு நம்ம கடைக்குள்ள வந்து தேடினவர்" என்றாள். பூட்டுக்கடைக்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அப்பாவின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு, இரண்டு சபையும் சேர்ந்து ஒரே மேசைக்கு வரட்டும் என்று யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தகராறு. போதகர் தான்தான் என்கிறார். அவர் அப்பத்தை வாங்க வந்து நின்றது உண்மை. "இது ஒரு மேசைக்குத்தான் போக முடியும்" என்று மட்டும் சொன்னார் என்பது என் நினைவு. அடுப்பின் கல் ஆறும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது மட்டும் கேட்டது. பூட்டுக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, "எங்க ஆளுங்க இன்னும் தண்ணியிலதான் நிக்கிறாங்க. சொல்லிப் பாக்கறேன். எல்லாரும் வருவாங்கன்னு வாக்குக் கொடுக்கமாட்டேன்" என்றார். இந்த முறை அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பாவும் அவரைப் பார்த்து, "எங்க ஆளுங்க எல்லாரும் இருப்பாங்கன்னு நானும் கொடுக்கமாட்டேன்" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. ஆற்றிலிருந்து பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நம் பக்கத்தில் பியானோ டீச்சர் மூடியைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அவளோடு இரண்டு வரிசை காலி. அந்த இரண்டு வரிசையில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் ஆற்றிலிருந்து நம் கோயில் மேட்டில் ஏறி வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பனியில் ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் முதலில் வந்தது. பிறகு வெள்ளையாக ஏதோ அசைந்தது, பிறகு கால்கள், பிறகு முகங்கள். பனி கோயிலுக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது. மெழுகுவர்த்திகளைச் சுற்றி வட்டம் வட்டமாக நின்றது. யார் மேட்டுச் சபை, யார் ஆற்றுச் சபை என்று கொஞ்ச நேரத்துக்கு எனக்கே பிடிபடவில்லை. பால்காரி தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து எனக்கு முன்வரிசையில் நின்றாள். சிரித்துக்கொண்டே நடுங்கினாள். அத்தை தன் சால்வையை எடுத்து அவள் தலையில் போட்டு, "இரட்சிப்பு எங்கயும் போகாது, முதல்ல தலையைத் துவட்டு, ஜன்னி வந்துரும்" என்றாள், சபைக்கே கேட்கும்படி. பியானோ இல்லாததால் பாட்டுக்குத் தாளம் இல்லை. அவர்கள் வேகமாகப் பாடுகிறவர்கள், நாம் இழுத்துப் பாடுகிறவர்கள். அவர்கள் ஒரு வரியை முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள், நாம் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வரியிலும் அப்படியே. மூன்றாவது பாட்டில்தான் ஏறக்குறைய ஒன்றாக முடிந்தது. ஏறக்குறையதான்.

போதகர் அப்பத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், பூட்டுக்கடைக்காரர் மறுபக்கத்தைப் பிடித்தார். நடுவில் தோல் இல்லை என்பதால் சத்தமே இல்லாமல் பிரிந்தது. அதிலிருந்து ஆவி வந்ததா, பனியா, தெரியவில்லை. இரண்டு தட்டும் எதிரெதிர்ப் பக்கமிருந்து புறப்பட்டு, யாருக்கு எது என்று இல்லாமல் சுற்றிவந்தன.

எங்கள் வரிசைக்கு வந்தது. இன்றைக்காவது எடுப்பார் என்று நினைத்தேன். சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் வேறு எந்த ஜெபமும் என்னிடம் இல்லை. அவர் கையாலேயே ஒட்டிப்போன அப்பம். அதற்காகவே ஊர் கூடியிருந்தது. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் நகர்த்திவிட்டார்.

வெளியே வந்தபோது பூட்டுக்கடைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, செத்த கையைத்தான், அதைப் பிடித்துக்கொண்டு, "பழைய வார்த்தை எல்லாம் போகட்டும் மூப்பரே" என்றார். அப்பா, "போகட்டும்" என்றார். இதற்குப் பொருள் ஞானஸ்நானத்தைப் பற்றி இருவரும் ஒத்துப்போனார்கள் என்பதல்ல. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா, முழுக்கு ஏன் தப்பு என்று என்னிடம் விளக்கிக்கொண்டே வந்தார். சாகும்வரை விளக்குவார்.

ஆனால் இந்தப் புதன்கிழமை சபைக் கூட்டம் கூடியது. உன்மேல் போட்ட விலக்கை நீக்க வேண்டும் என்று அப்பாவே எழுந்து சொன்னார். காரணம் கேட்டார்கள். "மேசை நம்மளுது இல்லை. நாமளும் விருந்தாளிங்க. விருந்தாளி இன்னொரு விருந்தாளியை வெளியே போகச் சொல்ல முடியாது. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்றார். கை தூக்கச் சொன்னபோது இடது கையைத் தூக்கினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், எல்லாக் கைகளும் தெரிந்தன. தூக்காதவையும் இருந்தன, அவை குறைவு. ஆக, மகளே, சட்டப்படி உனக்குத் தடை இல்லை. போதகர் தனியாக எழுதுவார். எனக்கு அவருக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

இனியாவது சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். "அவ சாப்பிடட்டும்" என்றார். தீர்மானம் நீங்கிவிட்டதே என்றேன். "தீர்மானம் காகிதத்துல நீங்கிச்சு" என்றார். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

டாக்டர் நேற்று வந்திருந்தார். இனி அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டாம், இந்தப் பக்கம் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். முன்பெல்லாம் உப்பு ஆகாது, வெண்ணெய் ஆகாது என்று மிரட்டுவாரே, இப்போது பிடித்ததைச் சாப்பிடட்டும், எதையும் தடுக்காதீர்கள் என்கிறார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

அதனால் கேட்கிறேன். ரயிலில் கூட்டம் இருக்கும், ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்காரு, மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும். உன் முழுக்கு தப்பு என்று நீ சொல்ல வேண்டியதில்லை. அப்பாவை மன்னித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்றும் இல்லை. கோபம் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வா. அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றால் அந்த மேசையில் ஒருவரும் உட்கார முடியாது. பெஞ்சில் நீ முதலில், பிறகு அப்பா, பிறகு நான். தட்டு அந்தப் பக்கமிருந்துதான் வரும். நீ ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றை அவர் பக்கம் நீட்டு. அவ்வளவு போதும். என் கையிலிருந்து வாங்காததை உன் கையிலிருந்து வாங்குவார்.

அடுத்த திருவிருந்து வருகிற மாதம் முதல் ஞாயிறு. அதற்கு அடுத்ததைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நம் ஒருவருக்கும் தகுதி பார்க்காமல் வந்த கிருபை உன்னையும் மாப்பிள்ளையையும், இன்னும் பெயர் வைக்காத அந்தப் பிள்ளையையும் வழியெல்லாம் காக்கட்டும். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

என்றும் உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா